இரண்டு மஞ்சள் பெட்டிகள்

"ஐஞ்சு மணிக்கு நான் பொலிசுக்குப் போறன், அக்கா. செய்தது ஆர் எண்டு எனக்குத் தெரியும். எப்பிடிச் செய்தவன் எண்டதை மட்டும் நீங்கள் கண்டுபிடிச்சுத் தாங்கோ."

நிசாந்தன் ஒரு காகிதத்தை மேசையில் வைத்து அதன்மேல் ஓங்கி ஒரு குத்து விட்டான். கொட்வின் தன் தேநீர்க் கோப்பையை அவசரமாகத் தூக்கிக்கொண்டான். மேசை பழசு. தென் லண்டனில், மிச்சம் என்ற ஊரின் டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், துணி தோய்க்கும் கடைக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்தில் பழசில்லாத பொருள் எதுவுமே கிடையாது, கொட்வின் உட்பட.

பதினெட்டு வருஷம் லண்டன் பஸ் ஓட்டி முதுகைக் கெடுத்துக்கொண்டவன் அவன். இப்போது ஒன்றுவிட்ட அக்கா பியற்றிஸுக்குச் சாரதி, உதவியாளன், வாய்க்கொழுப்புப் பொறுப்பதிகாரி. பியற்றிஸ் இன்சூரன்ஸ் கொம்பனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்தவள். ஓய்வு பெற்ற பிறகு அதே வேலையைத் தமிழ்ச் சனத்துக்குச் செய்கிறாள். வித்தியாசம் ஒன்றுதான். கொம்பனிக்காரர் உண்மையைக் கேட்டார்கள். நம்மவர்கள் தங்களுக்குப் பிடித்த உண்மையைக் கேட்டு வருகிறார்கள்.

நிசாந்தனின் வலது கண்ணை வெள்ளைத் துணி மூடியிருந்தது. மூன்று வாரத்துக்கு முன், லண்டனுக்கு வெளியே சறேயில் ஒரு சுடுதளத்தில், தொள்ளாயிரம் மீற்றர் தூரத்து இலக்கைக் குறி பார்த்துச் சுட்டபோது துப்பாக்கி பின்பக்கமாக வெடித்து அந்தக் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய கண் இரண்டுக்கும் சேர்த்து எரிந்துகொண்டிருந்தது.

"எனக்குத் துவக்கைப் பற்றி ஒரு இழவும் தெரியாது, தம்பி. சின்னப்பிள்ளைக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ," என்றாள் பியற்றிஸ்.

"தூரத்துக்குச் சுடுறவன் கடைத் தோட்டாவை நம்பமாட்டான், அக்கா. ஒண்டைப் போல ஒண்டு இராது. சுட்ட வெறுங்கோதை எடுத்து, திரும்ப வெடிமருந்து நிறுத்துப் போட்டு, நுனியில புதுச் சன்னம் வைச்சு, வீட்டிலயே செய்யிறது. அதுக்கு வேண்டிய சாமான் பட்டியல் இது. புதுசாத் தொடங்கிறவனுக்கு எது நல்லம் எண்டு அவன்தான் தன்ர கையால எழுதித் தந்தவன்."

"அவன் எண்டது?"

"கிருஷாந்த். என்ர தம்பி லதீசனைக் காரில ஏத்திக்கொண்டு போய்க் கொன்றவன்."

கொட்வினுக்கு அந்தக் கதை தெரியும். லண்டன் தமிழ்ச் சனத்தில் அதைத் தெரியாதவர் குறைவு. மூன்று வருஷத்துக்கு முன் நோர்த் சேர்குலர் வீதியில் கிருஷாந்த் ஓட்டிய கார் தடுப்பில் மோதியது. பக்கத்தில் இருந்த லதீசன் அதே இடத்தில் முடிந்துபோனான். கோர்ட் லைசென்சைப் பறித்து, சம்பளமில்லாத வேலை கொஞ்சம் செய்யச் சொல்லி, கிருஷாந்தை வீட்டுக்கு அனுப்பியது. அன்றைக்குக் கொட்வினும் அந்த நீதிபதியைத் தன் பஸ்ஸில் ஏற்றக்கூடாது என்று சத்தியம் செய்திருந்தான்.

"அவனோடயா போய்த் துவக்குப் பழகினனீங்கள்?" கொட்வினால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "என்ர சித்தப்பா, கலியாணத்தில பலகாரம் குடுக்காதவனோடயே இருபது வருஷம் கதைக்கேல்லை."

"மன்னிச்சிட்டன், அண்ணை. எத்தினை நாளைக்கு நெஞ்சில நெருப்பைக் கட்டிக்கொண்டு திரியிறது? ஆனா அவனால ஏலாமல் போச்சு. என்னைக் காணக் காணத் தன்ர குற்றம் குத்துதெண்டு என்னையும் முடிக்கப் பாத்தவன். என்ர தோட்டாப் பெட்டியை எடுத்துப்போட்டு, தான் செய்த பெட்டியை வைச்சவன். இரண்டும் ஒரே மாதிரி மஞ்சள் பிளாஸ்ரிக் பெட்டி. வெடிச்ச தோட்டாவை எடுத்த பெட்டியில மிச்சம் இருந்த தோட்டா எல்லாத்திலயும் பட்டியலில இல்லாத வேற மருந்து. பொலிஸ் சொல்லுது, நான் புதுசு, மருந்தை மாத்திப் போட்டிட்டன் எண்டு."

"நீங்கள் எத்தினை பெட்டி கொண்டுபோனனீங்கள்?"

"ஒண்டு."

பியற்றிஸ் அதை எழுதிக்கொண்டாள். பிறகு பட்டியலை எடுத்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, சாமான் வாங்கப் போகிறவளைப் போல மேலிருந்து கீழே வாசித்தாள்.

"நாலரைக்கு வாங்கோ, தம்பி. சொல்லுறன்."

வால்தம்ஸ்டோவுக்குப் போகிற வழியெல்லாம் கொட்வின் கொதித்துக்கொண்டு வந்தான். "அக்கா, அண்ணனையும் தம்பியையும் ஒரே ஆளே விழுத்தப் பாத்திருக்கிறான். இவனை உள்ள தள்ளேக்க நான் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன்."

"ரோட்டைப் பாத்து ஓட்டு. கதவு பிறகு பிடிக்கலாம்."

கிருஷாந்த் மாடிக் குடியிருப்பு ஒன்றில் தனியே இருந்தான். பள்ளிக்கூடம் ஒன்றின் விஞ்ஞானக் கூடத்தில் வேலை. சுவரில் திருகிய இரும்புத் துப்பாக்கி அலமாரி திறந்தபடி வெறுமையாகக் கிடந்தது. பொலிஸ் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருந்தது. நிசாந்தனின் வாக்குமூலம் இன்று போய்ச் சேர்ந்தால் நாளைக்கு வேலையும் போகும், ஆளும் உள்ளே போவான். அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

"இது உங்கட கையெழுத்தோ?" பியற்றிஸ் பட்டியலை நீட்டினாள்.

"ஓம்."

"ஏன் இந்தப் பிரஸ்? ஒரு தரத்துக்கு ஒரு தோட்டா மட்டும் செய்யிற மெசினை எழுதியிருக்கிறியள். ஒரே இழுவையில அஞ்சாறு வேலை செய்யிறதும் விக்கிதாமே?"

இதுவரை செத்த மீனாக இருந்த கிருஷாந்தின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "புதுசாத் தொடங்கிறவனுக்கு வேகம் கூடாது, அன்ரி. ஒவ்வொண்டாச் செய்தாத்தான் பிழை கண்ணில படும். தராசும் அப்பிடித்தான், மலிஞ்சதை வாங்காதை எண்டு அடிக்கோடு போட்டனான். தராசு சரியோ எண்டு பாக்கப் படிக்கல்லும் எழுதினனான். மேசையில ஒரு மருந்து டப்பாவுக்கு மேல இருக்கக்கூடாது எண்டு கடைசியில எழுதிக் கிடக்கு, பாருங்கோ."

"சுத்தியல் எண்டொண்டும் கிடக்கு," என்றான் கொட்வின். "அது யாருக்கு?"

"பிழையாச் செய்த தோட்டாவைத் தட்டிக் கழட்ட. பிழை விட்டா வெக்கப்படாமல் கழட்டிப்போடு எண்டு நிசாந்தன் அண்ணைக்குச் சொன்னனான்."

ஒருவனைக் கொல்ல நினைக்கிறவன் அவன் பிழையைத் திருத்தச் சுத்தியல் வாங்கித் தருவானா? கொட்வினுக்கு எரிச்சலாக வந்தது. வெறுக்க வந்த ஆள் வெறுக்கத் தோதாக இல்லாவிட்டால் வருகிற எரிச்சல் அது.

"அண்டைக்கு அவர் எத்தினை பெட்டி கொண்டுவந்தவர்?"

"இரண்டு. ஒண்டு தனக்கு, ஒண்டு எனக்கு. பழக்கினதுக்குக் கைமாறாம். அதை நான் பொலிசுக்கும் சொன்னனான், அவை எழுதினமோ தெரியாது."

"சுட்டனீங்களோ?"

"இல்லை. சோடியாச் சுடுறது, மாறி மாறி. அவர்தான் முதல்." கிருஷாந்த் தரையைப் பார்த்தான். "மற்றவன் செய்த தோட்டாவைச் சுடாதை எண்டதுதான் சுடுதளத்தில முதல் பாடம். நானே படிப்பிச்ச பாடம். ஆனா அவர் தந்தா நான் நஞ்செண்டாலும் குடிச்சிருப்பன், அன்ரி. நான் அந்த வீட்டுக்குச் செய்ததுக்கு, அவையள் என்னைக் கூப்பிட்டு லதீசன்ர படத்துக்குக் கீழ இருத்திச் சாப்பாடு போட்டவை. அவற்ர மனுசி சிவமலர் அக்கா தன்ர கையால பரிமாறினவ."

அவன் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். சுடுவதற்குச் சற்று முன்பு எடுத்தது. பச்சைப் பாயில் இரண்டு துப்பாக்கிகள், இரண்டு மஞ்சள் பெட்டிகள். நிசாந்தன் கமெராவைப் பார்க்கவில்லை. கிருஷாந்தின் துப்பாக்கிக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பியற்றிஸ் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். இரண்டு பெட்டிகளின் மூடியிலும், வலது மூலையில், சிவப்பாக ஒரு சின்ன வட்டம்.

"கொட்வின், இது என்ன?"

கொட்வின் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "பொட்டு. ஒட்டுப்பொட்டு. என்ர மனுசி வேலை செய்யிற இடத்துப் பெண்டுகள் குளியலறைக் கண்ணாடியில வரிசையா ஒட்டி வைச்சிருப்பினம். அக்கா, துவக்குச் சாமானுக்குக் கலியாணமோ?"

"இல்லை. அண்டைக்கு முதல் நாள் ஆயுத பூசை," என்றாள் பியற்றிஸ். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி என்றாலும் ஊரார் கொண்டாட்டம் எதையும் தவறவிடாதவள். "காரை எடு. அப்டன் பார்க்குக்குப் போவம்."

சிவமலர் கிறீன் ஸ்ட்ரீற்றில் ஒரு சேலைக் கடையில் நின்றாள். அகலமான முகம், நெற்றியில் சிவப்புப் பொட்டு. கணவன் சொல்லி அனுப்பியவர்கள் என்றதும் முன்னால் கிடந்த சேலைகளை ஒதுக்கி, இருவருக்கும் இருக்கை காட்டினாள்.

"இவ்வளவு நாளும் அவர் நித்திரை கொள்ளேல்லை, அக்கா. எழும்பி இருந்து ஒரே சொல்லைத்தான் சொல்லுறார். மாத்திப்போட்டான், மாத்திப்போட்டான் எண்டு."

"ஆயுத பூசைக்கு அவற்ர சாமானெல்லாம் வைச்சனீங்களோ, பிள்ளை?"

"வைச்சனான். அந்த இரும்பு பிரஸ், தராசு, படிக்கல்லு, இரண்டு தோட்டாப் பெட்டி, எல்லாத்தையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால வரிசையா வைச்சு. போன வருஷம் சந்தனமும் குங்குமமும் வைச்சு நல்லா ஏச்சு வாங்கினனான். தராசில தூள் பட்டா நிறை பிழைச்சுப்போமாம். அதால இந்த முறை ஒட்டுப்பொட்டு."

"இரண்டு பெட்டி. வடிவா ஞாபகமோ?"

"ஏன் இல்லாமல்?" அவள் முகம் சட்டென்று மலர்ந்தது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக இருக்கும். "ஒரு பெட்டியில முதலே பொட்டு இருந்தது, அக்கா. என்ர கண்ணாடியில ஒட்டியிருந்த பொட்டு. லதீசன் போனதுக்குப் பிறகு அவர் சாமி அறைக்குள்ள காலே வைக்கிறேல்லை. அந்த மனுசன் தானாப் பொட்டெடுத்து ஒட்டியிருக்கிறார் எண்டு பாத்த உடன எனக்கு அழுகையே வந்திட்டுது. மற்றப் பெட்டியை வெறுமையா விடக்கூடாதெண்டு அதே மூலையில நானும் ஒண்டு ஒட்டினனான்."

"அவருக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை. சொன்னா வெக்கப்படுவார். அவர் நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து, பூசை முடிய நான் பெட்டி இரண்டையும் போட்டு வைச்ச பையைத் தூக்கிக்கொண்டு விடிய முதல் போயிட்டார்."

கொட்வின் வாயைத் திறந்தான். பியற்றிஸ் அவன் காலை மிதித்தாள். முதுகு போன மனுசனுக்குக் கால் ஒன்றுதான் உருப்படியாக இருந்தது, அதையும் அவள் விட்டுவைக்கவில்லை.

"இண்டைக்கு அவரோட பொலிசுக்கு நீங்களும் போறீங்களோ, பிள்ளை?"

"ஓம்."

"அப்ப எங்கட காரிலயே வாங்கோ."

நாலரைக்குச் சரியாக நிசாந்தன் வந்தான். சிவமலரைப் பக்கத்துச் சின்ன அறையில் இருத்தி, கதவைச் சாத்தாமல் விட்டிருந்தாள் பியற்றிஸ். ஏன் என்று கொட்வின் கேட்கவில்லை. வழியில் காரில் அவனே கணக்குப் போட்டு முடித்திருந்தான், விடை அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"பிடிச்சனீங்களோ, அக்கா?"

"பிடிச்சாச்சு. ஒரு சின்னச் சந்தேகம் மட்டும்." அவள் கிருஷாந்திடம் வாங்கி வந்த போன் படத்தை அவன் முன்னால் வைத்தாள். "இரண்டு பெட்டியிலயும் பொட்டுக் கிடக்கு. ஏன்?"

நிசாந்தன் குனிந்து பார்த்தான். அந்தப் படத்தை அவன் இதற்கு முன் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க அவன் முகம் சிவந்தது, பிறகு ஒரு வெறியோடு சிரித்தான்.

"பாத்தீங்களோ! இதுதான் சாட்சி! என்ர பெட்டியைப் போலவே இருக்கோணும் எண்டு அவனும் ஒரு பொட்டு ஒட்டியிருக்கிறான்!"

"அப்ப உங்கட பெட்டியிலயும் பொட்டு இருந்தது."

"ஓம், இருந்தது. நான்தான் ஒட்டினனான். அதைப் பாத்துத்தானே அவனுக்குக் குடுத்த..."

அவன் நிறுத்தினான். கீழே துணி தோய்க்கும் இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தன.

"ஒரு பெட்டிதானே கொண்டுபோனனீங்கள்?" என்றாள் பியற்றிஸ் மெதுவாக. "பொட்டு ஒட்டின பெட்டியை அவனுக்குக் குடுத்தா, நீங்கள் சுட்டது எந்தப் பெட்டி, தம்பி?"

"அது... அவன் மாத்தி..."

"மற்றப் பெட்டிக்கு நான்தான் ஒட்டினனான்."

சிவமலர் கதவடியில் நின்றாள். நிசாந்தன் திரும்பினான். அவளுடைய நெற்றியைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான்.

"நீயோ?" அவன் குரல் உடைந்தது. "அப்ப... அவன் மாத்தேல்லையோ?"

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் முடிந்துவிட்டது. பெட்டி மாறினால் உயிர் போகும் என்று முதலே தெரிந்தவன் ஒருவன்தான் இருக்க முடியும், அதற்குள் சாவை நிறுத்துப் போட்டவன். கிருஷாந்திடம் புதியவனாகப் போய், அவன் சொன்ன பிரஸ்ஸை வாங்கி, அவன் சொன்ன தராசை வாங்கி, எல்லாவற்றையும் பிழையில்லாமல் பழகி, பட்டியலில் இல்லாத மருந்து ஒன்றையும் தேடிப்பிடித்து ஒரு பெட்டி முழுக்க நிரப்பியிருக்கிறான். கிருஷாந்த் செத்திருந்தால், கற்றுக்குட்டி செய்த பிழை என்று ஊர் இவனுக்காக இரங்கியிருக்கும். அடையாளத்துக்கு அவசரத்தில் கையில் அகப்பட்டது மனைவியின் பொட்டு.

"விடிய முதல் பைக்குள்ள கையை விட்டு, முதல் வந்த பெட்டியில பொட்டைக் கண்டு அதைத் தள்ளி வைச்சனீங்கள்," என்றாள் பியற்றிஸ். "மற்றதைத் திருப்பியும் பாக்கேல்லை. சுடுதளத்திலயும் பாக்கேல்லை. நீங்கள் அவன்ர பெட்டியை மட்டும்தான் பாத்துக்கொண்டிருந்தனீங்கள். படத்திலயும் அப்பிடித்தான் நிக்கிறியள்."

நிசாந்தன் அவளைக் கவனிக்கவே இல்லை. எழுந்து மனைவியிடம் போனான். "மலர், ஒருத்தருக்கும் சொல்லாதை. நீ இரண்டாவது பொட்டு ஒட்டினதை நீ சொன்னாத்தான் ஆருக்கும் தெரியும். இவையளிட்ட வேற சாட்சி இல்லை. அவன் உள்ள போகட்டும். அவன் லதீசனைக் கொன்றவன், மலர்! மூண்டு வருஷம் நான் எப்பிடிச் சிரிச்சனான் எண்டு உனக்குத் தெரியுமோ? அவன்ர தோளில கை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு நாளும்..."

அது உண்மைதான். சிவமலர் வாயை மூடிக்கொண்டால் கிருஷாந்த் நாளைக்கே உள்ளே. பியற்றிஸ் பேனாவைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குச் சிரிக்கிறது பொய்," என்றாள் சிவமலர். சத்தம் போடவில்லை. "எனக்கு அப்பிடியில்லை. மன்னிச்சிட்டன், நீயும் மன்னி எண்டு சொன்னனீங்கள். அவனை வீட்டுக்குக் கூட்டிவந்து, சோத்தைப் போடு எண்டனீங்கள். முதல் நாள் நான் குசினிக்குள்ள போய்ச் சத்தி எடுத்தனான். பிறகு ஒவ்வொரு கிழமையும் போட்டனான். லதீசன்ர படத்தைப் பாத்து அழுது அழுது, என்னை நானே முறிச்சு, கடைசியா ஒரு நாள் உண்மையாவே மன்னிச்சிட்டன். நீங்கள் மன்னிச்சதாலதான் என்னாலும் ஏலுமாப் போச்சு எண்டு நினைச்சு, உங்களைக் கும்பிட்டனான்."

"மலர்..."

"வெட்டப்போற ஆட்டுக்குக் குழை போடுற மாதிரி அவனுக்கு என்ர கையால சோறு போடவைச்சிருக்கிறியள். இதுக்கு நான் பழி வாங்காமல் விடமாட்டன்."

அவள் தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்து, ஒரு சின்னக் கண்மருந்துப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஆறு மணிக்கு இரண்டு துளி விடோணும். ஸ்டேஷனில ஆரையாவது கேளுங்கோ," என்றாள். பிறகு பியற்றிஸ் பக்கம் திரும்பினாள். "அக்கா, வாங்கோ போவம். ஐஞ்சு மணிக்கு முதல் நான் பொலிசில சொல்லவேணும்."